தோல், வாய்ச்சவ்வுச் செல்களின் முதிர்ச்சியை வைட்டமின் ஏ எவ்வாறு வழிநடத்துகிறது?

கேள்வி இது: வைட்டமின் ஏ குறைந்தால் தோல் உலர்ந்து சொரசொரப்பாகும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன, ஆனால் முகப்பருவுக்காக அதே வைட்டமினின் வழிவந்த ஐசோட்ரெட்டினாயின் மருந்தைச் சாப்பிடுபவர்களுக்கும் தோல் உலர்ந்து உரிகிறது, உதடு வெடிக்கிறது, இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாக இருக்க முடியும்? கூடவே இன்னொன்றும் கேட்கப்பட்டிருக்கிறது: பல ஆண்டுகளாகப் புகையிலை போட்டவரின் கன்னத்து உட்பக்கத்தில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றியிருக்கிறது, வைட்டமின் ஏ மாத்திரை சாப்பிட்டால் அது மறைந்துவிடும் என்று ஒருவர் சொன்னது சரியா?

தொடர்பில்லாத இரு கேள்விகள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் விடை ஓரிடத்திலேயே இருக்கிறது. வைட்டமின் ஏ என்பதைத் தோலுக்கான ஊட்டம் என்று எண்ணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிப் போயிருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். தோலிலும் வாய்ச்சவ்வு போன்ற ஈரமான உறைகளிலும் அது செய்யும் முதன்மையான வேலை, புதிதாகப் பிறந்த ஒரு செல் எவ்வகைச் செல்லாக முதிர வேண்டும் என்பதை அதன் மரபணுக்களுக்கு உணர்த்துவது. அந்தச் செய்தி வந்துகொண்டிருக்கும் வரையில்தான் செல்கள் அதன்படி நடக்கும்; நின்றால் அவற்றின் போக்கு மாறும். இந்த ஒரு பண்பை மனத்தில் கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தெளிவாகும்.

முதலில் அந்த உறைகளின் அமைப்பைப் பார்க்கலாம். தோலின் மேலடுக்கும் சரி, வாயின் உட்சவ்வும் சரி, பல வரிசைச் செல்களால் ஆனவை. அடிவரிசையில் உள்ள செல்கள் மட்டுமே பிரிந்து பெருகுகின்றன. அவற்றில் கெரட்டின் 5, கெரட்டின் 14 ஆகிய புரத இழைகள் இருக்கும். பிறந்த செல் அடித்தளத்தை விட்டு மேலேறத் தொடங்கியதும் தோலில் அது கெரட்டின் 1, கெரட்டின் 10 ஆகியவற்றைச் செய்யத் தொடங்குகிறது, பிறகு இன்வோலுக்ரின், லோரிக்ரின் போன்ற புரதங்களை டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி ஒன்றோடொன்று பிணைத்துச் செல்லின் உட்புறத்தில் ஓர் உறுதியான உறையைக் கட்டுகிறது, உட்கரு அழிகிறது, கடைசியில் தட்டையான, உயிரற்ற, நீர்புகாச் செதில் ஒன்றே எஞ்சி, ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்கிறது. கன்னத்தின் உட்பக்கத்திலும், வாயின் அடித்தளத்திலும், மென் அண்ணத்திலும் இதே பயணம் வேறு முடிவை அடைகிறது. அங்கே மேலேறும் செல் கெரட்டின் 4, கெரட்டின் 13 ஆகியவற்றைச் செய்கிறது, உட்கருவை இழப்பதில்லை, மென்மையாகவும் நீட்சி உடையதாகவும் இருந்து, தோலைவிட விரைவாக, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் உதிர்ந்துவிடுகிறது. உணவின் உராய்வைத் தாங்க வேண்டிய ஈறும் கடின அண்ணமும் மட்டும் வாய்க்குள்ளேயே தோலைப் போலக் கெரட்டின் படலம் பூண்டு நிற்கின்றன. ஆக, அடிவரிசைச் செல்லின் முன் எப்போதும் இரண்டு பாதைகள் இருக்கின்றன: கெரட்டின் செதிலாக உலர்ந்து முடிவது ஒன்று, ஈரமான, மென்மையான செல்லாக முதிர்வது மற்றொன்று.

வைட்டமின் ஏ இந்தப் பாதைகளுக்கு இடையே தலையிடுகிறது என்பதை 1925-இல் ஹார்வர்டைச் சேர்ந்த நோயியலாளர் வோல்பாக்கும் பல் மருத்துவ ஆய்வாளர் பெர்சி ஹோவும் எலிகளில் காட்டினார்கள். அந்த வைட்டமின் அறவே இல்லாத உணவைக் கொடுத்து வளர்த்த எலிகளின் மூச்சுக்குழாய், உமிழ்நீர்ச் சுரப்பிகளின் நாளங்கள், சிறுநீர்ப்பாதை, கண்ணின் வெளிச்சவ்வு ஆகியவற்றில் இருந்த இயல்பான ஈர உறை மறைந்து, அதன் இடத்தில் தோலைப் போன்ற, கெரட்டின் நிறைந்த பல்லடுக்கு உறை தோன்றியிருந்தது. அவர்கள் விளக்கிய ஒரு நுட்பத்தை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்: இருந்த செல்கள் வாடிச் சுருங்கிக் கெரட்டினாக மாறவில்லை, அடியில் இருந்த செல்கள் சுறுசுறுப்பாகப் பிரிந்து, வேறு வகையான ஒரு புதிய உறையைக் கீழிருந்து கட்டி, பழையதை வெளியே தள்ளின. பற்றாக்குறை என்றதும் நாம் நலிவைத்தான் எதிர்பார்ப்போம். இங்கே நடந்ததோ முழு வீரியத்துடன் வேறு திசையில் நிகழ்ந்த வளர்ச்சி. வைட்டமினை மீண்டும் கொடுத்தபோது அதே அடிச்செல்கள் பழைய ஈர உறையையே மறுபடியும் உருவாக்கின என்பதையும் அவர்கள் பின்னர் காட்டினார்கள். குழந்தைகளின் கண்வெள்ளையில் நுரை படிந்தது போல் தோன்றும் பிட்டாட் புள்ளிகள் இதே நிகழ்வின் கண்ணுக்குத் தெரியும் வடிவம். ஈரமாக இருக்க வேண்டிய சவ்வு அங்கே கெரட்டினைச் செய்துகொண்டிருக்கிறது.

எதிர்த்திசைச் சான்று 1953-இல் கேம்பிரிட்ஜின் ஸ்ட்ரேஞ்ஜ்வேஸ் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஆனர் ஃபெல் என்ற ஆய்வாளரும் எட்வர்ட் மெல்லன்பியும் கோழிக்கருவின் தோல் துண்டுகளை ஆய்வகக் கலத்தில் வளர்த்து, அவற்றுக்கு மிகுதியான வைட்டமின் ஏ கொடுத்தார்கள். செதிலாக முதிர வேண்டிய அந்தத் தோல், கெரட்டின் செய்வதை நிறுத்திவிட்டுச் சளி சுரக்கும் உறையாக மாறியது; சில இடங்களில் மூச்சுக்குழாயில் இருப்பது போன்ற மயிரிழைகள் கூட முளைத்தன. பறவைக் கருவின் தோலை வைத்து வளர்ந்த பாலூட்டிகளைப் பற்றி முடிவுகட்டிவிட முடியாதுதான். ஆனால் வெள்ளெலியின் கன்னப்பை இயல்பிலேயே கெரட்டின் படலம் உடையது. வளர்ந்த விலங்கின் அந்தப் பையில் வைட்டமின் ஏ-யைத் தொடர்ந்து தடவியபோது அங்கும் சளி சுரக்கும் செல்கள் தோன்றின. குறைந்தால் கெரட்டின், மிகுந்தால் சளி என்ற அச்சு இவ்வாறு வாய்க்குள்ளும் உறுதியாயிற்று.

மனிதச் செல்களில் இதைப் புரதத்தின் அளவில் காட்டியவர்கள் எலைன் ஃபியூக்ஸும் ஹோவர்ட் கிரீனும். ஆய்வகத்தில் மனிதத் தோல் செல்களை வளர்க்கும்போது அவை தோலில் செய்வது போல முழுமையாகக் கெரட்டின் செதில்களாக முதிராமல் நின்றுவிடுவது நெடுங்காலமாக ஒரு புதிராக இருந்தது. வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் கன்றின் சீரத்திலேயே வைட்டமின் ஏ இருக்கிறது என்பதுதான் காரணம் என்று 1981-இல் அவர்கள் கண்டறிந்தார்கள். சீரத்திலிருந்து அதை நீக்கியதும் தோல் செல்கள் கெரட்டின் 1 செய்யத் தொடங்கிப் படலம் கட்டின. திரும்பச் சேர்த்ததும் அது அடங்கி, ஈரச் சவ்வுகளுக்குரிய கெரட்டின் 13-உம் கெரட்டின் 19-உம் தலைதூக்கின. இமையின் உட்சவ்விலிருந்து எடுத்த செல்களும், வைட்டமின் ஏ இல்லாத சூழலில், தோலுக்கே உரியது என்று கருதப்பட்ட கெரட்டினைச் செய்தன. தோல் செல்லுக்கும் சவ்வுச் செல்லுக்கும் இடையே நாம் போட்டு வைத்திருந்த கோடு, ஓரளவுக்கு, அவை பெறும் வைட்டமின் ஏ-யின் அளவைப் பொறுத்த கோடு என்று இதிலிருந்து தெரிந்தது.

ஓரளவுக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈறின் அடியில் உள்ள இணைப்புத்திசுவை எடுத்து, கெரட்டின் இல்லாத சவ்வுப் பகுதிக்கு அடியில் குரங்குகளில் பதித்துப் பார்த்த ஆய்வை 1975-இல் கேரிங், லாங், லோ ஆகிய பல் மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதன் மேல் பின்னர் வளர்ந்து மூடிய உறை, ஈறைப் போலவே கெரட்டின் படலம் பூண்டது. அதாவது, எந்த இடத்தில் எந்த உறை வளர வேண்டும் என்பதை அடியில் உள்ள திசுவும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கன்னமும் ஈறும் ஒரே இரத்தத்திலிருந்து ஒரே அளவு வைட்டமின் பெற்றும் வெவ்வேறாக இருப்பதற்கு இதுவும் காரணம். வைட்டமின் ஏ தனித்து எல்லாவற்றையும் ஆள்வதாக யாராவது எழுதினால் அதை ஏற்க வேண்டியதில்லை.

இனி, செல்லுக்குள் நடப்பது. உணவில் வரும் வைட்டமின் ஏ பெரும்பாலும் கல்லீரலில் எஸ்டராகச் சேமிக்கப்படுகிறது. அங்கிருந்து ரெட்டினோலாக, அதற்கென்றே உள்ள கடத்துப்புரதத்துடன் இணைந்து இரத்தத்தில் வந்து சேர்கிறது. தோல் செல் அதை முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பிறகு ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வைக்குத் தேவைப்படுவது முன்னது. செல்லின் முதிர்ச்சியை ஆள்வது பின்னது. இந்த அமிலம் எவ்வாறு மரபணுவை எட்டுகிறது என்பது 1987-இல் விளங்கியது: பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் பியேர் ஷாம்போன் குழுவும், கலிஃபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரொனால்ட் எவான்ஸ் குழுவும் ஒரே காலத்தில் ரெட்டினாயிக் அமில ஏற்பியைக் கண்டுபிடித்தன. இது உட்கருவுக்குள் இருந்து டிஎன்ஏ-யின் குறிப்பிட்ட வரிசைகளைப் பற்றிக்கொள்ளும் புரதம். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகைகளில் கிடைக்கிறது. ரெட்டினாயிடு எக்ஸ் ஏற்பி என்ற மற்றொரு புரதத்துடன் இணையாகவே வேலை செய்கிறது. அமிலம் வந்து சேராதபோது இந்த இணை அந்த மரபணுவை அடக்கி வைக்கிறது. வந்து சேர்ந்ததும் அடக்கும் துணைப்புரதங்கள் விலகி, தூண்டும் துணைப்புரதங்கள் வந்து அமர்கின்றன. தோலின் மேலடுக்கில் பெரும்பங்கு இருப்பது காமா வகை.

இதில் கவனிக்க வேண்டியது, செல் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் விதம். ரெட்டினாயிக் அமிலம் மிகும்போது, அதைச் சிதைக்கும் சிப் 26 வகை நொதிகளின் மரபணுக்களை அந்த அமிலமே இயக்கிவிடுகிறது. ஆகவே இயல்பான உணவிலிருந்து கிடைக்கும் வைட்டமின் ஏ சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் செல்லுக்குள் அமிலத்தின் அளவு ஏறத்தாழ நிலையாகவே இருக்கும். கல்லீரலின் இருப்பு தீரும் அளவுக்குப் பற்றாக்குறை நீடிக்கும்போதுதான், அல்லது மருந்தாக அமிலத்தையே நேரடியாகக் கொடுக்கும்போதுதான், இந்தக் காவல் உடைகிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவர் கூடுதலாக வைட்டமின் ஏ விழுங்குவதால் அவருடைய தோல் மேலும் நன்றாகிவிடாது என்பதற்கு இதுவே அடிப்படை.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். ஆய்வகக் கலத்தில் ரெட்டினாயிக் அமிலம் கெரட்டின் 1, லோரிக்ரின், டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஆகியவற்றை அடக்குகிறது. உயிருள்ள மனிதத் தோலில் ரெட்டினாயிக் அமிலத்தையே மருந்தாக்கிய ட்ரெட்டினாயின் களிம்பைத் தடவும்போதோ கெரட்டின் 1-உம் 10-உம் அவ்வளவாகக் குறைவதில்லை. மாறாக, மேலடுக்கின் உயிருள்ள பகுதி தடிக்கிறது, செல்கள் வேகமாகப் பிரிகின்றன. மேல் வரிசைச் செல்கள் அமிலத்தின் தூண்டுதலால் ஒரு வளர்ச்சிக் காரணியை வெளியிட, அது கீழிருக்கும் அடிச்செல்களைப் பெருகச் செய்கிறது என்பது இதற்கான விளக்கம். செல்கள் அவசரமாக மேலேறி வருவதால், உச்சியில் உள்ள கெரட்டின் படலம் மெலிகிறது. செதில்களை ஒன்றோடொன்று பிணைக்கும் முடிச்சுகள் தளர்கின்றன. நீர் எளிதில் வெளியேறுகிறது. ஐசோட்ரெட்டினாயினை வாய்வழி சாப்பிடும்போது இத்துடன் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்கிவிடுகின்றன. எனவே பற்றாக்குறையில் வரும் உலர்வும் மருந்தில் வரும் உலர்வும் வெளிப்பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் உள்ளே முற்றிலும் வேறானவை. முன்னதில் கெரட்டின் மிகுந்து, மயிர்க்கால்களை அடைத்து, சுரப்பிகளின் நாளங்களையும் மூடுகிறது. பின்னதில் கெரட்டின் படலம் மெலிந்து, தடுப்பாற்றல் குன்றிப்போகிறது. உதட்டின் சிவந்த பகுதியில் படலம் இயல்பிலேயே மெல்லியது, நனைத்து வைக்கச் சுரப்பிகளும் அங்கு மிகக் குறைவு. ஆகவே ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் ஏறக்குறைய எல்லோருக்கும் முதலில் வெடிப்பது உதடுதான். தோலுக்கும் சவ்வுக்கும் இடைப்பட்ட எல்லைப்பகுதி அது என்பதால், மருந்தின் செயலை அது முந்திக் காட்டுகிறது.

பற்றாக்குறையின் தோல் அடையாளத்துக்கு நம் பகுதியோடு நெருங்கிய வரலாறு உண்டு. முழங்கை, முழங்கால், தொடை, பிட்டம் ஆகிய இடங்களில் ஒவ்வொரு மயிர்க்காலிலும் கெரட்டின் முளை அடைத்துக்கொண்டு, தேரையின் தோலைப் போலத் தடவுவதற்கு முள்முள்ளாக இருக்கும் நிலையை 1933-இல் கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கோல்ஸ் விவரித்து, ஃபிரைனோடெர்மா என்று பெயரிட்டார். வைட்டமின் ஏ குறைவே இதற்குக் காரணம் என்று அப்போது கருதப்பட்டது. பின்னர் இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் நிறைந்த எண்ணெய்களும் பி வகை வைட்டமின்களும் கொடுத்தபோதும் பலருக்கு அது குணமானது. ஆகவே முழங்கையில் முள்முள்ளாக இருப்பதை மட்டும் வைத்து வைட்டமின் ஏ குறைவு என்று முடிவு செய்வது தவறு. மாலைக்கண்ணும் பிட்டாட் புள்ளியும் அதைவிட நம்பத்தக்க அறிகுறிகள்.

செல்லின் முதிர்ச்சியைத் திருப்பும் இந்த ஆற்றலைத்தான் தோல் மருத்துவம் மருந்தாக்கியிருக்கிறது. முகப்பருவின் தொடக்கம் மயிர்க்காலின் வாயில் கெரட்டின் செதில்கள் ஒட்டி அடைத்துக்கொள்வது; அதை ட்ரெட்டினாயின் தளர்த்துகிறது. தடித்த செதில்களால் உடல் மூடியிருக்கும் பிறவி மீன்செதில் நோயிலும், சொரியாசிஸின் சில வகைகளிலும் அதே குடும்பத்தைச் சேர்ந்த அசிட்ரெட்டின் என்ற மருந்து உதவுகிறது. இங்கு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடந்து செல்ல எனக்கு மனமில்லை. முதிர்ந்த உடலில் தோல் செல்லின் போக்கை மாற்றும் இதே செய்திதான் கருவில் முகம், இதயம், மூளை ஆகியவை உருவாகும் ஒழுங்கையும் நடத்துகிறது. கருவுற்ற காலத்தில் இம்மருந்துகளை உட்கொண்டால் குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைகள் நேரும். ஐசோட்ரெட்டினாயினை நிறுத்திய பின் ஒரு மாதமும், அசிட்ரெட்டினை நிறுத்திய பின் மூன்று ஆண்டுகளும் கருத்தரிப்பதைத் தவிர்க்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தோழியோடு பகிர்ந்துகொள்ளும் மருந்துகள் அல்ல இவை.

இனி வெள்ளைத் திட்டு. புகையிலையின் தொடர்ந்த உறுத்தலால், கெரட்டின் இல்லாதிருக்க வேண்டிய கன்னச்சவ்வு கெரட்டின் படலம் கட்டத் தொடங்குகிறது. உமிழ்நீரில் ஊறிய அந்தத் தடித்த படலமே வெள்ளையாகத் தெரிகிறது. இதை லூகோபிளாக்கியா என்பார்கள். இது எல்லாமே புற்றாவதில்லை. ஆனால் சிலவற்றில் படலத்துக்கு அடியில் செல்கள் ஒழுங்கு குலைந்திருக்கும், அவற்றிலிருந்து புற்றுநோய் வரக்கூடும். கெரட்டின் பாதையிலிருந்து செல்லைத் திருப்பக்கூடிய பொருள் இங்கே பயன்படலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் வான் கி ஹாங் தலைமையில் 44 பேரிடம் நடந்து 1986-இல் வெளியான சோதனையில், ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்களில் 67 விழுக்காட்டினருக்குத் திட்டு பெரிதும் சுருங்கியது. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 10 விழுக்காட்டினருக்கே அவ்வாறு நேர்ந்தது. 1997-இல் வெளியான கேரள ஆய்வில், வாரம் 3,00,000 சர்வதேச அலகு வைட்டமின் ஏ ஓராண்டு பெற்றவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் தாவர நிறமியாகிய பீட்டா கரோட்டின் பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், வெறும் மாத்திரை பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும் திட்டு முழுமையாக மறைந்தது. 1995-இல் ரூபன் லோட்டன் குழு இதன் உள்காரணத்தில் ஒரு பகுதியையும் காட்டியது: இத்தகைய திட்டுகளில் 40 விழுக்காட்டில்தான் பீட்டா வகை ஏற்பியின் மரபணு இயங்கிக்கொண்டிருந்தது, மூன்று மாத ஐசோட்ரெட்டினாயினுக்குப் பிறகு அது 90 விழுக்காட்டில் இயங்கியது.

இவ்வளவையும் படித்தால், மாத்திரை சாப்பிடச் சொன்னவர் சொன்னது சரிதானே என்று தோன்றும். ஆனால் ஹாங்கின் சோதனையில் குணம் கண்ட 16 பேரில் 9 பேருக்கு, மருந்தை நிறுத்திய இரண்டு மூன்று மாதங்களுக்குள் திட்டு திரும்பிவிட்டது. கேரளத்திலும் குணமடைந்தவர்களில் பாதிப்பேர் முதல் மூன்றில் இரண்டு பங்கினர் வரை மீண்டும் திட்டோடு வந்தார்கள். தொடக்கத்தில் சொன்ன பண்பு இங்கேதான் கை கொடுக்கிறது: வைட்டமின் ஏ செல்லின் போக்கை மாற்றியதே தவிர, புகையிலை அடிச்செல்லின் டிஎன்ஏ-யில் ஏற்படுத்திய சேதத்தை நீக்கவில்லை. செய்தி நின்றதும் சேதமடைந்த அதே அடிச்செல்கள் பழைய உறையையே கட்டின. மருந்தை நிறுத்தாமல் தொடரலாமே என்றால், ஹாங் பயன்படுத்திய அளவுகளை உடல் நெடுநாள் தாங்காது. தாங்கக்கூடிய குறைந்த அளவான நாளொன்றுக்கு 30 மில்லிகிராமைத் தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 1,190 பேருக்கு மூன்றாண்டுகள் கொடுத்துப் பார்த்து 2006-இல் வெளியிட்ட முடிவுகளில், புதிய புற்று வருவதை அது குறைக்கவில்லை. கேரள ஆய்வில் கொடுத்த அளவும், நாட்கணக்கில் பிரித்துப் பார்த்தால், பெரியவர்களுக்கான பாதுகாப்பான உச்ச வரம்பாகிய 3,000 மைக்ரோகிராமைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மருத்துவக் கண்காணிப்பின்றி அதைச் சாப்பிட்டால் கல்லீரலும் எலும்பும் பாதிக்கப்படும். பீட்டா கரோட்டின் தீங்கற்றது என்று எண்ணிப் புகைபிடிப்பவர்கள் அதை வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து: 1994-இல் வெளியான ஃபின்லாந்தின் பெரிய ஆய்வில் அதைச் சாப்பிட்ட புகைபிடிப்போரிடையே நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. கீரையிலும் காரட்டிலும் வருவதற்கு இந்த அச்சம் பொருந்தாது. அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

இன்னொரு காரணத்தாலும் மாத்திரையை வேண்டாம் என்கிறேன். படலம் கரைந்து திட்டு மங்கிவிட்டால், அடியில் ஒழுங்கு குலைந்த செல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணமே போய்விடும். அந்த இழப்பு சில நேரங்களில் உயிருக்கே விலையாகும். கன்னத்தில் திட்டு உள்ளவர் செய்ய வேண்டியது, புகையிலையை உடனே நிறுத்துவதும், பல் மருத்துவக் கல்லூரியிலோ அரசு மருத்துவமனையின் வாய்நோய்ப் பிரிவிலோ காட்டுவதும்தான். உறுத்தும் காரணத்தை அகற்றிய பின் இரண்டு வாரங்களில் திட்டு தணியத் தொடங்கவில்லை என்றால், அல்லது அதில் சிவப்புப் புள்ளிகளோ புண்ணோ தடிப்போ இருந்தால் காத்திராமலே, சிறு துண்டெடுத்துத் திசுப்பரிசோதனை செய்ய வேண்டும். புகையிலையை விடுவது என்ன செய்யும் என்பதற்கும் கேரளத்திலேயே சான்று இருக்கிறது. மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் எர்ணாகுளம் மாவட்டத்தின் ஊர்களில் புகையிலை பயன்படுத்துவோரைத் தொடர்ந்து சந்தித்து, அதை விடும்படி அறிவுறுத்தி, பத்தாண்டுகள் வாயைப் பரிசோதித்து வந்தார்கள். அவ்வாறு அறிவுறுத்தப்பட்டவர்களிடம் புதிய வெள்ளைத் திட்டுகள் தோன்றுவது, அறிவுரை பெறாத முந்தைய குழுவினரோடு ஒப்பிட, தெளிவாகக் குறைந்தது. அதற்கு எந்த மாத்திரையும் தேவைப்படவில்லை.